ஏழாம் நம்பர் அக்காவின் கார் ஷெட்

சிவப்பு விளக்கு விழுந்ததும் அக்கா கைப்பிரேக்கைப் போட்டுவிட்டுக் கொண்டைக்குள் விரலை விடுகிறார். உள்ளேயிருந்து ஒரு துண்டுப் பென்சில் வருகிறது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் செருகி வைத்திருக்கும் அட்டையில் சரசரவென்று நாலு கோடு. எதிரே இருக்கும் சலவைக் கடையின் மாடிப் பால்கனி, அதில் காயும் போர்வை, கம்பியில் ஒற்றைக் காலில் நிற்கும் புறா எல்லாம் அந்த நாலு கோட்டுக்குள் வந்துவிடும். பச்சை விழுவதற்குள் பென்சில் கொண்டைக்குத் திரும்பிவிடும். இதற்காகப் பின்னால் நிற்கிறவன் ஒருநாளும் ஹாரன் அடித்ததில்லை; அடிக்கிற மாதிரி அவர் வைத்துக்கொண்டதில்லை.

"தம்பி, அந்த மருந்துக்கடைக்கு மேல ஜன்னல் கிரில்லு பூப்போட்டதா, வெறும் கம்பியா? எறங்கும்போது பாத்து வெச்சுக்கிட்டு நாளைக்குச் சொல்லுங்க."

இது எனக்கு. அவருடைய பஸ்ஸில் முன் சீட்டில் உட்காருகிறவர்கள் சும்மா உட்கார முடியாது. முதல் தடவை இதை ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்து, பார்க்காமலேயே போய்விட்டேன். மறுநாள் ஏறியதும் "பாத்தீங்களா?" என்றார். "மறந்துட்டேன்க்கா" என்றேன். "விடுங்க, உங்களுக்கு ஆயிரம் வேலை" என்று அவர் சொன்ன தினுசிலேயே, இனிமேல் இவனை நம்பிப் பிரயோஜனமில்லை என்று முடிவு கட்டிவிட்டது தெரிந்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்றைக்கே இறங்கி அண்ணாந்து பார்த்தேன். பூப்போட்ட கிரில்தான். அதில் ஒரு பூவுக்கு இதழ் உடைந்திருந்தது. அதையும் சேர்த்துச் சொன்னதும் எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. இப்போது பாலம் வரைக்கும் உள்ள ஓரத்துக் கடைகள் என் பொறுப்பு.

அக்காவின் வீடு எங்கள் எதிர்வீடு. ஏழாம் நம்பர் பஸ்ஸை ஓட்டுகிறார் என்பதால் தெருவுக்கே அவர் ஏழாம் நம்பர் அக்கா. ஆள் குள்ளம். சீட்டில் போட்டு உட்கார அவரே தைத்த மெத்தை ஒன்று உண்டு. வேலைக்குப் போகும்போது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவார். தூரத்திலிருந்து பார்த்தால் பஸ்ஸைக் கொண்டைதான் ஓட்டிக்கொண்டு வருகிறது என்று டிப்போவில் கேலி செய்வார்கள். கேலி செய்கிறவர்களே, அவர் சாயங்காலம் இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் தன் பஸ்ஸைக் கொண்டுவந்து சொருகும்போது டீயை வைத்துவிட்டு நின்று பார்ப்பார்கள். ஒரே மூச்சு. முன்னே எடுப்பது, பின்னே எடுப்பது என்ற பேச்சே கிடையாது. இறங்கி வந்து, "தொட்டுப் பாரு, ஒரு கீறல் இருக்கா?" என்பார். தன் கைவேலையைப் பற்றி அடக்கமாகப் பேசுவது என்பது அவருக்கு வராது. எனக்கு அது பிடிக்கும்.

வீட்டுக்குள்ளும் அவர் டிரைவர்தான். சமையலறையில் யாராவது சொல்லாமல் கொள்ளாமல் திரும்பிவிட்டால் போதும், "திரும்பறதுக்கு முன்னாடி சொல்ல வேணாமா? கொதிக்கிற பாத்திரத்தோட வர்றேன்ல!" என்று கத்துவார். கடைத்தெருவில் கூட்டத்துக்குள் நடக்கும்போது எதிரே வருகிறவர்களுக்குக் கை காட்டி வழிவிடுவார். கல்லூரியில் படிக்கும் அவர் மகள் இந்த ஒரு காரணத்துக்காகவே அம்மாவோடு கடைக்குப் போவதில்லை.

சிக்னலில் வரைந்த கோடுகள் எல்லாம் எங்கே போகின்றன என்பதுதான் விஷயம். அக்கா, தான் தினமும் பஸ் ஓட்டும் அந்த நீளமான சாலையை அப்படியே சின்னதாகக் கட்டிக்கொண்டிருக்கிறார். டிப்போவில் ஆரம்பித்து ஒவ்வொரு நிறுத்தமாக வளர்கிறது. தபால் ஆபீஸ் உள்ளங்கை உயரம். மருந்துக்கடை தீப்பெட்டி அகலம். மரங்களுக்குப் பாத்திரம் தேய்க்கும் நார். விளக்குக் கம்பங்களுக்கு ஊக்கு. பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் ஆட்களில் ஒருத்தி கைக்கடிகாரத்தைப் பார்க்கிறாள், ஒருவர் அடுத்தவருடைய பேப்பரை எட்டிப் படிக்கிறார். செருப்புக்கடை போர்டில் ஒரு எழுத்து உதிர்ந்திருக்கிறது. நிஜக் கடையிலும் அந்த எழுத்து இல்லை. கடைக்காரர் புது போர்டு மாட்டினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "மாட்டட்டும், நானும் மாட்டறேன். எனக்கென்ன வேலையில்லையா" என்றார்.

கடை ஜன்னல்களுக்கெல்லாம் கண்ணாடி உண்டு. அது அக்காவின் வீட்டுக்காரர் கடையிலிருந்து வருகிறது. அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார், அதே ஏழாம் நம்பர் சாலையில். புது ஃபிரேம்களில் காட்சிக்காகப் போட்டு வரும் பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றிக் குப்பையில் போடுவார்கள். அவர் அதைக் குப்பையில் போடாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, ஒன்றும் சொல்லாமல் மேசை மேல் கொட்டிவிட்டுக் கை கழுவப் போவார். பதிலுக்கு அவருக்கு ஒரு குறை மட்டும் உண்டு. "மூணு கடை தள்ளி இருக்கிற செருப்புக்கடை வந்தாச்சு. எங்கடை எங்க?" அக்கா தலை நிமிர மாட்டார். "வரிசைல வாங்க. உங்க பக்கத்துக்கு நான் இன்னும் வரல."

இதெல்லாம் எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். கேட்டிருக்கவே வேண்டாம் என்பதுபோல் என்னைப் பார்த்தார். "ஓட்டும்போது ரோட்டத்தான் பாக்கணும். கடையப் பாக்க முடியுமா? இத்தனை வருஷமா அந்தத் தெருவுல போறேன் வர்றேன், ஒரு கடைப் படி ஏறினதில்ல. எல்லாரையும் எறக்கி விடறேன். நான் மட்டும் எறங்கினதே இல்ல. இதுல எறங்கிக்கறேன்."

வளர்ந்துகொண்டே போகும் சாலைக்கு வீட்டில் இடம் இல்லை. தபால் ஆபீஸும் நூலகமும் சாப்பாட்டு மேசையில் இருந்தன. பாலம் ஃபிரிட்ஜ் மேல். டிப்போ கட்டிலுக்கு அடியில். குடும்பமே தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டது. "அப்பா, தபால் ஆபீஸுக்குப் பின்னாடி உப்பு இருக்கு, எடுங்க" என்று மகள் சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன். இப்படியே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் கண்ணாடிக்கடைக்காரர் அவசரத்தில் சுடச்சுட ஒரு பாத்திரத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நூலகத்தின் கூரை மேல் வைத்துவிட்டார். பசை இளகி, நூலகம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. அக்கா சத்தம் போடவில்லை. சுவர்களைப் பிரித்தெடுத்து ஒரு டப்பாவில் போட்டு மூடினார்.

மறுநாள் வேலையிலிருந்து வந்ததும் வீட்டுக்குள் போகாமல் கார் ஷெட்டுக்குள் போய் நின்றார். அவர்கள் வீட்டு ஷெட் விசித்திரமானது. உள்ளே அகலம், வாசல் குறுகல். வாசல் வழியாக நேரே உள்ளே போகிற கார் நடுவில் நிற்கும். அதற்கு இரண்டு பக்கமும் இடம் சும்மா கிடக்கும். அதில் ஒரு பக்கம்தான் ஜன்னல் உண்டு. அந்தப் பக்கத்தில் காற்றுப் போன சைக்கிள், காய்ந்த பெயிண்ட் டப்பாக்கள், வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டி, எதற்கு வைத்திருக்கிறோம் என்று யாருக்கும் தெரியாத ஒரு கதவு. அக்கா அந்த இடத்தை நீளவாக்கில் பார்த்தார். அவருடைய சாலை மடிக்காமல் வளைக்காமல் நேராகப் படுக்க அந்த வீட்டில் அதைவிட நீளமான இடம் இல்லை.

"எனக்கு இந்தப் பக்கம் வேணும்" என்றார் வீட்டுக்காரரிடம். "தடுத்து ஒரு ரூமாக்கிக்கறேன்."

கல்யாணமான நாளிலிருந்து அக்கா தனக்கென்று கேட்ட முதல் பொருள் அதுதான் என்று கண்ணாடிக்கடைக்காரரே பிற்பாடு என்னிடம் சொன்னார். ஆனால் கேட்டது காரின் இடத்தை. காரோ அவருக்கு உயிர். மூக்குக்கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியால் காரின் முன்கண்ணாடியைத் துடைக்கிற மனிதர் அவர். காரை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, "எடுத்துக்க. ஆனா வண்டி ஒருநாள்கூட வெளிய நிக்கக்கூடாது" என்றார்.

"நிக்காது. நின்னா, தடுப்ப நானே பிரிச்சுடறேன்" என்றார் அக்கா.

பேச்சு அவ்வளவுதான். அக்கா ஒரு வார்த்தை விட்டால் அது அவருக்குச் சிவப்பு விளக்கு மாதிரி. சுற்றுமுற்றும் யாரும் இல்லை என்று தாண்டுகிற ஆள் இல்லை.

விடுமுறை நாட்களிலும் ஷிப்ட் முடிந்த சாயங்காலங்களிலும் வேலை நடந்தது. டிப்போ மெக்கானிக் ஒருவர் உதவிக்கு வந்தார். ஸ்பேனர் என்றால்தான் அவரைத் தெரியும். நானும் போனேன்; என் ஏணியை எடுத்துக்கொண்டு போனதால் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். பழஞ்சாமான்களை வெளியேற்றினோம். சைக்கிளுக்குக் காற்றடித்துப் பார்த்ததும் அது ஓடியது, மகள் எடுத்துக்கொண்டாள். தரையில் ஈரம் ஏறுகிறதா என்று பார்க்க அக்கா ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் ஒட்டி இரண்டு நாள் விட்டுவைத்தார். தாளுக்கு அடியில் வேர்த்திருந்தது. அதனால் முதலில் தரைக்கு ஈரம் தடுக்கும் பூச்சு, அதற்கு மேல் தடிமனான ரப்பர் விரிப்பு. பிறகு மரச்சட்டம் அடித்து, இரண்டு பக்கமும் பிளைவுட். உள்ளே போக வர சமையலறைப் பக்கத்தில் ஒரு கதவு. கார்ப் புகை உள்ளே வரக்கூடாது என்று தடுப்பின் விளிம்பெல்லாம், பஸ் கதவுக்குப் போடுகிற மாதிரி ரப்பர் பட்டை. எலெக்ட்ரீஷியனை வரவழைத்துத் தனி ஸ்விட்ச், மேசையின் நீளத்துக்கு இரண்டு ட்யூப்லைட். எல்லாவற்றுக்கும் மேலே, அக்கா உட்காரும் இடத்துக்கு எதிரே ஒரு வட்டக் கண்ணாடி. "இதெதுக்குக்கா?" என்றார் ஸ்பேனர். "பின்னால யாரு ஏறறாங்கன்னு தெரிய வேணாமா?"

தடுப்பு எங்கே வரவேண்டும் என்பதை அக்காவேதான் அளந்தார். வேறு யாரையும் டேப்பைத் தொட விடவில்லை. தரையில் மஞ்சள் கோடு போட்டார், டிப்போவில் போட்டிருப்பதுபோல். காரை உள்ளே நிறுத்தி வைத்து, ஒரு சைடு கண்ணாடியின் நுனியிலிருந்து இன்னொரு சைடு கண்ணாடியின் நுனி வரைக்கும் பிடித்தார். "வண்டிக்கு அகலம் உடம்புல இல்ல தம்பி, காதுலதான் இருக்கு. காது தப்பிச்சா எல்லாம் தப்பிச்சுது." ஜன்னல் பக்கத்துச் சும்மா இடம் முழுவதையும், வாசல் விளிம்பு வரைக்கும் தனக்கு எடுத்துக்கொண்டார். எதிர்ப்பக்கத்து இடத்தை அப்படியே விட்டுவிட்டார். "எறங்கறதுக்கு இடம் வேணும்ல? ரெண்டு பேரு சேந்தாப்ல எறங்கலாம்." தாராளமாகத்தான் விட்டிருந்தார். நாங்களும் தலையாட்டினோம். ஒரு ஆளுக்காவது அப்போது மூளை வேலை செய்யவில்லை.

வெள்ளோட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின நாளே சாலை உள்ளே குடிபோயிருந்தது. டிப்போவும் தபால் ஆபீஸும் பாலமும் முதல் தடவையாக ஒரே நேர்கோட்டில், ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. அக்கா அந்த நீளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தார், திரும்ப நடந்தார். மகள் ஃபோட்டோ எடுக்க வந்தபோது, "இரு, கொண்டைய சரி பண்ணிக்கறேன்" என்றார். அவரைப் பார்த்து எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது. ஏணிதான் கொடுத்தேன், ஆனாலும் நிமிர்ந்தது.

கண்ணாடிக்கடைக்காரர் காரைத் துடைத்துப் பளபளவென்று கொண்டுவந்தார். அக்கா உள்ளே நின்று இரண்டு கையாலும் வா, வா என்று அழைத்தார். கார் வாசலுக்குள் நுழைந்தது. சைடு கண்ணாடி தடுப்பை ஒட்டி வந்தது. இடையே ஒரு விரல் போகும், இரண்டாவது விரல் போகாது. "அப்படியே... அப்படியே... நில்லுங்க!" நின்றது. எங்கும் உரசவில்லை. ஸ்பேனர் விசிலடித்தார். மகள் கை தட்டினாள். அக்கா தடுப்பில் கை வைத்துக்கொண்டு, தொட்டுப் பாரு என்று சொல்வதற்கு ஆள் தேடுவதுபோல் எங்களைப் பார்த்தார்.

கார்க் கதவு திறந்தது. டொக் என்று பிளைவுட்டில் இடித்து நின்றது. அந்த இடுக்கு வழியாக ஒரு கை வெளியே வந்து, கொஞ்சம் யோசித்து, திரும்ப உள்ளே போனது. பிறகு ஜன்னல் இறங்கியது.

"நான் எப்படி எறங்கறது?"

முதலில் விளங்கிக்கொண்டவர் ஸ்பேனர்தான். அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அய்யோ அக்கா! பஸ்ஸுல டிரைவர் பக்கம் கதவு ஏது? நீங்க என்னிக்கு அந்தப் பக்கம் எறங்கியிருக்கீங்க?"

அதுதான் நடந்திருந்தது. அக்கா ஓட்டுவது எல்லாரும் ஒரே பக்கம் ஏறி இறங்கும் பஸ். டிரைவரும் பயணிகளோடு பயணியாக முன்வாசல் வழியாகத்தான் ஏறவேண்டும், இறங்கவேண்டும். டிரைவர் பக்கத்தில் ஒரு கதவைத் திறக்க வேண்டிய தேவை அவருக்கு வேலையில் வந்ததே இல்லை; காரையோ அவர் எப்போதாவது எடுத்தால் உண்டு. காது, மூக்கு, வால் எல்லாவற்றையும் அளந்தவர், ஓட்டுகிறவர் எப்படி இறங்குவார் என்பதை மட்டும் பஸ் கணக்கில் விட்டுவிட்டார். கொஞ்சம் தள்ளி நிறுத்தலாமே என்று நான் சொல்லிப் பார்த்தேன். ஆனால் வாசல் அந்த அளவுதான். நேரே வருகிற கார் நேரேதான் நிற்கும். உள்ளே வந்து ஒதுங்க ஷெட்டில் நீளம் போதாது.

கண்ணாடிக்கடைக்காரர் கொஞ்சம் பூசின உடம்பு. சீட்டைப் பின்னால் தள்ளி, கியரைத் தாண்டி, முட்டி ஹாரனில் பட்டு, அது தெருவுக்கே கேட்கிற மாதிரி அலறி, கடைசியில் மறுபக்கக் கதவு வழியாக வந்து சேர்ந்தார். சட்டையில் ஒரு பொத்தானைக் காணோம். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் எங்கள் சிரிப்பும் நின்றது.

"பரவாயில்ல" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. பொத்தான் இருந்த இடத்தைத் தடவிக்கொண்டே உள்ளே போய்விட்டார். அக்காதான் காரை வெளியே எடுத்து கேட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அன்று இரவு கார் வெளியே நின்றது.

காலையில் பார்த்தால் அதன் கூரை மேல் ஈரமும் இரண்டு மூன்று பழுத்த இலைகளும். அக்கா அதைப் பார்த்துவிட்டுத்தான் என் வீட்டுக் கதவைத் தட்டினார் என்று நினைக்கிறேன். கையில் திருப்புளி இருந்தது.

"தம்பி, கொஞ்சம் வர்றீங்களா? பலகையப் பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும்."

போனேன். சாலை முழுவதையும் ஒரு பழைய படுக்கை விரிப்பால் மூடிவைத்திருந்தார். முதல் பலகையின் திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தார். அதையும் எவ்வளவு ஒழுங்காக! கழற்றின ஒவ்வொன்றையும் ஒரு கிண்ணத்தில் போட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவு பாடுபட்டுக் கட்டினதை ஒரு கதவுக்காகப் பிரிப்பதா? இரவெல்லாம் யோசித்து எனக்கு ஒரு வழி தோன்றியிருந்தது.

"அக்கா, வண்டிய ரிவர்ஸ்ல உள்ள விட்டா போதுமே? டிரைவர் கதவு அந்தப் பக்கம் போயிடும். நீங்க விட்டு வெச்ச இடத்துல சார் ராஜா மாதிரி எறங்கலாம்."

"தெரியும்."

"தெரியுமா?"

"அவரு கையி வெளிய வந்து உள்ள போச்சு பாருங்க, அப்பவே தெரிஞ்சுது."

"அப்போ அவர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

அக்கா திருப்புளியை இறக்கினார். குரலையும் இறக்கினார். "சொல்லமாட்டேன் தம்பி. ஒரு தடவ ரிவர்ஸ் எடுக்கும்போது நம்ம கேட்டுத் தூணையே இடிச்சுட்டாரு. அதுலேர்ந்து ஷெட்ட விட்டு நேரா பின்னால எடுக்கறதோட சரி, ரிவர்ஸ்ல வளைச்சு உள்ள விடறதுன்னா அவருக்கு பயம். தினம் பஸ்ல போகும்போது பாக்கறேன். அவரு கடைக்கு முன்னாலயே எடம் காலியா இருக்கும். ஆனா பின்னால எடுத்துதான் நிறுத்தணும். இவரு தெருக்கோடில எங்கியோ நிறுத்திட்டு, வெயில்ல வேர்க்க விறுவிறுக்க நடந்து வருவாரு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருக்காரு. நெனச்சுக்கட்டும். பொண்டாட்டி பஸ் ஓட்டறா, உன்னால கார பின்னால எடுக்க முடியலயான்னு நாலு பேரு சிரிக்கறதுக்கா நான் ரூம் கட்டினேன்? நேத்து சிரிச்சதே போதும்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நேற்றுச் சிரித்ததில் நானும் ஒருவன்.

"அப்போ நீங்களே தினமும் உள்ள விட்டுடலாமே?"

"மத்தியானம் சாப்பிட அவரு வர்ற நேரத்துல நான் பஸ்ஸோட பாலத்து மேல இருப்பேன். அது மட்டுமில்ல. அவரு வண்டிய அவருதான் வீட்டுக்குள்ள கொண்டு வரணும். இல்லேன்னா அது என்ன வண்டி?"

மறுபடி திருப்புளியை எடுத்தார். அவருக்கு அந்த அறை எவ்வளவு வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதைவிட வேண்டியது ஒன்று அவருக்கு இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். எங்கள் தெருவில் இப்படி ஒரு ஆள் இருக்கிறார் என்று யாரிடமாவது உடனே போய்ச் சொல்லவேண்டும் போலிருந்தது. இந்தக் கட்டுரையே அப்படி வந்ததுதான்.

சமையலறைப் பக்கம் காபி டம்ளரோடு கண்ணாடிக்கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. டம்ளரில் காபிக்கு மேல் ஆடை படிந்திருந்தது.

"அந்தத் திருகாணியெல்லாம் திரும்ப மாட்டு" என்றார்.

"ஏங்க, நான் சொன்ன வார்த்த..."

"மாட்டுன்னேன்ல." டம்ளரை அடுப்படியில் வைத்துவிட்டு ஆணியில் தொங்கின கார்ச் சாவியை எடுத்தார். வாசல் வரை போனவர் திரும்பினார். அவருடைய காது சிவந்திருந்தது. "யாரும் வந்து வெளிய நிக்க வேணாம்."

சத்தம் கேட்டு மகள் பல் விளக்கிக்கொண்டே ஓடி வந்தாள். விஷயம் புரிந்ததும், "அப்பா, நான் பின்னாடி நின்னு வாங்க வாங்கன்னு சொல்றேன்" என்று வாசலுக்குப் பாய்ந்தாள்.

"ஏய், உள்ள வாடி!" என்றார் அக்கா.

"நீயாவது போம்மா. தூண்ல இடிச்சுடப் போறாரு."

"இடிச்சா இடிக்கட்டும். தூணு நம்ம தூணு."

கழற்றின திருகாணிகளை மளமளவென்று முடுக்கினார். பிறகு எங்கள் இருவரையும் அறைக்குள் இழுத்து, கதவைச் சாத்திக்கொண்டார். விரிப்பை உருவி மடித்து வைத்தார். வாசல் பக்கத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பசை டப்பாவைத் திறந்து, இடுக்கியால் ஒரு விளக்குக் கம்பத்தை எடுத்து, பாலத்துக்குப் பக்கத்தில் அதற்கு இடம் பார்த்தார். டிப்போவே நின்று வேடிக்கை பார்க்கிற டிரைவர், தன் வீட்டு வாசலில் நடப்பதைத் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

வெளியே இன்ஜின் கிளம்பியது. சக்கரம் சரளைக் கல்லில் நெறிபட்டுக்கொண்டு வந்தது. நின்றது. திரும்ப முன்னால் போனது. மறுபடி வந்தது. இந்தத் தடவை கொஞ்சம் அருகில். மறுபடி நின்றது. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். இன்ஜின் வெறுமனே உறுமிக்கொண்டிருந்தது. அவர் உள்ளே உட்கார்ந்து வேர்வையைத் துடைப்பது எனக்குப் பார்க்காமலே தெரிந்தது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். முன்னால் போனது. வந்தது. வாசலைத் தாண்டியது, சத்தம் மாறி ஷெட்டுக்குள் கேட்டது. பலகைக்கு அந்தப் பக்கம், கையை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில், கார் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தது. மேசையில் ஊக்குக் கம்பங்கள் லேசாக அதிர்ந்தன.

அக்காவின் இடுக்கியில் கம்பம் அப்படியே இருந்தது. பசை காய்ந்தே போய்விட்டது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் தற்செயலாகக் கீழே பார்த்தேன். மேசைக்கு அடியில் அவருடைய வலது கால் பிரேக்கை மிதிப்பதுபோல் ரப்பர் விரிப்பை அழுத்திக்கொண்டிருந்தது. கட்டைவிரல் வெளுத்திருந்தது.

இன்ஜின் நின்றது. கதவு திறந்தது. எதிலும் இடிக்காமல், கடைசி வரைக்கும் போய்த் திறந்தது. படீரென்று மூடியது. உடனே இன்னொரு தடவை திறந்து, இன்னொரு தடவை, முன்னைவிடச் சத்தமாக மூடியது.

அக்காவின் கால் தரையிலிருந்து எழுந்தது.